வியாழக்கிழமைப் பழுது

முனிச்சாலைத் திருப்பத்தில்
ஆறடிக்கு நாலடி கடை.
பூதக்கண்ணாடி விளக்கு, சூடுகாற்றுக் குழல்,
எறும்புத் தலை அளவில் திருகாணிகள்.
எதிரே பருத்திப்பால் வண்டி.
பொம்பளை என்ன செல்போன் பார்ப்பது என்று
திரும்பிப் போனவர்கள் போக
மிச்சம் பேரை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது.

எனக்கு இந்த ஊரின் பூட்டுகள் தெரியும்.
பேட்டர்ன் கேட்டால்
ஆண்கள் வாயால் சொல்வார்கள்.
பெண்கள் கையில் வாங்கி
உடம்பைத் திருப்பிக்கொண்டு போட்டுத் தருவார்கள்.
பாதிப் பேருக்குப்
புருஷன் பெயரின் முதல் எழுத்துதான் பூட்டு.

திறந்தால் வந்த வேலையை மட்டும் பார்ப்பேன்.
படங்கள் இருக்கிற கட்டத்துக்கு விரல் போகாது.
போனதே இல்லை என்று சொல்லமாட்டேன்.
ஒருமுறை போயிற்று, தொழிலுக்கு வந்த புதிதில்.
பார்த்தது இன்னும் கண்ணுக்குள் கிடக்கிறது
அழிக்க வழி தெரியாமல்.

மேகலா வந்தது ஒரு வியாழக்கிழமை.
விளாங்குடியில் ஏறி, பெரியாரில் பஸ் மாறி.
"என்ன பழுது?"
"பாருங்க. ஒரு மணி நேரம் கழிச்சு வர்றேன்."
பார்த்தேன். ஒன்றுமில்லை.
சார்ஜ் எழுபத்தெட்டு. திரையில் ஒரு கீறல்கூட இல்லை.
வந்தாள், நூறு ரூபாய் நீட்டினாள்,
ரசீது கேட்டாள்.

அடுத்த வியாழன். அதற்கடுத்ததும்.
நாலாவது வாரம்தான் எனக்கு உறைத்தது,
அவள் விட்டுப்போவது
போனுக்குள் இருக்கும் நீலப் புள்ளியை.
அது என் மேஜையில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்,
பேர் கூப்பிட்டதும்
'உள்ளேன் ஐயா' என்கிற பிள்ளை மாதிரி.
எங்கோ ஒரு திரையில் அதைப் பார்த்து
யாரோ நிம்மதியாக டீ குடிப்பார்.

அன்றிலிருந்து ரசீதைக் கவனமாக எழுதினேன்.
சார்ஜிங் பின் தளர்வு. மைக்கில் அடைப்பு.
ஸ்பீக்கர் கரகரக்கிறது.
மதுரையிலேயே அதிகம் கெட்டுப்போன போன்
அதுவாகத்தான் இருக்கும்.

"உங்க மெசேஜ் இன்னொரு இடத்துலயும் திறந்திருக்கு.
ரெண்டு தட்டுல துண்டிச்சிரலாம்"
என்றேன் ஒருநாள், மெதுவாக.
"தெரியும்" என்றாள்.
"துண்டிச்சா அவருக்குத் தெரிஞ்சிரும்."
அப்புறம் அந்தப் பேச்சு எடுக்கவில்லை.

ஆடியில் அவர் வந்தார்.
இஸ்திரிச் சட்டை, மரியாதையான குரல்.
கல்யாணமான புதிதில் அவளே தந்த பாஸ்வேர்டாம்.
அன்பு இருக்கிற இடத்தில் ஒளிவு எதற்காம்.
கண்ணால் கடையை அளந்தார்:
ஒரு ஸ்டூல், நான், ஆடுகிற மின்விசிறி.
பில் புக்கை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
என் கையெழுத்தில் தேதி தேதியாகப் பழுது.
விரல் வைத்துப் படித்தார்.
"புதுசு வாங்கிக் குடுத்திரலாமா?"
"புதுசும் இப்படித்தான் ஆகும்ணே" என்றேன்.
எதைச் சொன்னேன் என்று
அவர் போன பிறகுதான் எனக்கே புரிந்தது.

போகும் முன் தன் போனை நீட்டினார்,
கிளாஸ் ஒட்டச் சொல்லி.
பக்கத்தில் இருப்பவருக்குக்
கறுப்பாகத் தெரிகிற ரகம் இருக்கிறது.
அவருக்கு அதுதான் பிடித்தது.

அந்த ஒரு மணி நேரம் அவள் எங்கே போனாள்?
ஒருமுறை செருப்பில் ஈரமண் இருந்தது.
இன்னொருமுறை தனக்குள் சிரித்தபடி வந்தாள்.
நான் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் அதுவும் ஒரு நீலப் புள்ளிதான்.

உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்:
மேகலா அவள் பெயர் இல்லை.
விளாங்குடி இல்லை, வியாழனும் இல்லை.
முனிச்சாலையில் என் கடையைத் தேடாதீர்கள்.
அந்த நூறு ரூபாய் மட்டும் நிஜம்.
அதையும் ஐந்தாவது வாரத்திலிருந்து
நான் வாங்கவில்லை,
ரசீது மட்டும் கிழித்துக் கொடுத்தேன்.